இறக்கைக் கம்பி வளைந்ததா, ஒடிந்ததா, ஆடுகிறதா, சிக்கிக்கொண்டதா?

மாதிரி விமானத்தின் இறக்கைக் கம்பி வளைந்துவிட்டால், கை தானாகவே அதைவிடத் தடித்த கம்பியைத் தேடும். நானும் அப்படித்தான் தேடினேன். இரண்டு மீட்டர் கிளைடர் ஒன்றில் 6 மில்லிமீட்டர் கம்பி வளைந்தது. துளையைப் பெரிதாக்கி 8 மில்லிமீட்டர் போட்டேன். அடுத்த முறை கம்பி வளையவில்லை, இறக்கை ஒடிந்தது. கம்பி மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே நேராகப் புல்லில் கிடந்தது.

அதனால் எந்தப் பொருள் சிறந்தது என்ற பட்டியலை இங்கே தேடாதீர்கள். உடைந்தது எது, எந்தப் பக்கமாக, எவ்வளவு தள்ளி என்று பார்த்த பிறகுதான் பொருளைப் பற்றிப் பேச முடியும். பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் குற்றவாளி கம்பி அல்ல, கம்பி நுழையும் துளை.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இரு இறக்கைகளையும் உடலோடு கோக்கும் முதன்மைத் தண்டைக் கம்பி என்கிறேன். ஜாயினர் என்று பலர் சொல்வது இதைத்தான். உள்ளே குடைந்த குழாயாக இருந்தாலும் வேலை அதேதான். அது நுழையும் குழாய் உறை. இறக்கை கம்பியைச் சுற்றித் திரும்பிவிடாமல் பின்விளிம்புப் பக்கம் நிற்கும் சிறு குச்சி முளை. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடுகள் விலாக்கள். அவற்றில் உடலை ஒட்டி நிற்கும் முதலாவது அடிவிலா.

கழற்றும் முன் ஒரு வேலை

உடைந்த விமானத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் உருவி எடுத்துவிடாதீர்கள். கம்பியின் மேல்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, முன்பக்கம் எது என்று அம்புக்குறி போடுங்கள். உருண்டைக் கம்பி கைக்கு வந்தபின் மேல் எது, கீழ் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு அதைக் கண்ணாடி மேசைமேல் உருட்டுங்கள். நேரான கம்பி சத்தமின்றி உருளும். வளைந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கண்ணாடியில் தட்டும். அதன் அடியில் வெளிச்சம் தெரிந்து மறையும். முனைகள் மேல்நோக்கி வளைந்திருந்தால் பறக்கும்போது வெடுக்கென்று மேலே இழுத்ததால் வளைந்தது. கீழ்நோக்கி என்றால் தரையிறக்கம் கடுமையாக இருந்திருக்கிறது. முன்னோ பின்னோ வளைந்திருந்தால் இறக்கை நுனி எதிலோ மோதியிருக்கிறது. இந்த மூன்றாவது வகைக்காகக் கம்பியைத் தடிமனாக்குவது வீண். மோதலைத் தாங்கும் கம்பி போட்டால், அந்த விசை அடுத்து உடலைக் கிழிக்கப் போகும்.

அறிகுறி: கம்பி மேல்நோக்கி வளைந்தது, இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை

இதுதான் நேர்மையான பழுது. கம்பிக்கு வலு போதவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு போதவில்லை என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இரண்டு கிலோ எடை, இறக்கை நுனிக்கு நுனி இரண்டு மீட்டர் அகலம் உள்ள கிளைடரை எடுத்துக்கொள்வோம். வேகமாக இறங்கி வெடுக்கென்று மேலே இழுக்கும்போது எடையைப் போல் பத்து மடங்கு விசை வருவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 20 கிலோ, அதாவது 196 நியூட்டன். ஓர் இறக்கைக்கு 98. அந்த விசை மொத்தமும் அரை இறக்கையின் 42 சதவீதத் தொலைவில், அடியிலிருந்து (இறக்கை உடலோடு சேரும் இடத்திலிருந்து) ஏறக்குறைய 42 சென்டிமீட்டரில், நின்று தூக்குவதாகக் கொள்ளலாம். அப்படியானால் அடியில் விழும் வளைப்பு சுமார் 41 நியூட்டன் மீட்டர். இறக்கையின் சொந்த எடை இதைக் கொஞ்சம் குறைக்கும். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, கையிருப்பாக இருக்கட்டும்.

இந்த வளைப்பு 6 மில்லிமீட்டர் கம்பியின் மேற்பரப்பில் ஏற்படுத்தும் தகைவு, அதாவது பரப்பில் விழும் விசையின் செறிவு, சுமார் 1,940 மெகாபாஸ்கல். 8 மில்லிமீட்டரில் 820. 10 மில்லிமீட்டரில் 420. விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வலு கூடுகிறது என்பதால்தான் இவ்வளவு இறக்கம். 8-லிருந்து 10-க்குப் போனால் வலு ஏறத்தாழ இரு மடங்காகிறது. விறைப்பு நான்மடிக்கு ஏற்பக் கூடுவதால் அது 2.4 மடங்கு.

இப்போது பொருள்களைப் பக்கத்தில் வையுங்கள். சாதாரண மென் எஃகு சுமார் 250 மெகாபாஸ்கலிலேயே வளைந்தபடி நின்றுவிடும். விமானங்களில் பரவலாகப் பயன்படும் 6061 டி6 அலுமினியம் சுமார் 275. இளக்கிய நிலையில் வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி 200-ஐ ஒட்டியே இருக்கும். பளபளப்பைப் பார்த்து அதை வலுவானது என்று நம்பி ஏமாந்தவர்கள் அநேகர். பியானோ கம்பி எனப்படும் ஸ்பிரிங் ஸ்டீல் மட்டும் 1,000-ஐத் தாண்டியும் வளைந்து பழையபடி நிமிர்ந்துவிடும். ஆக, மேலே சொன்ன கிளைடரில் 8 மில்லிமீட்டர் ஸ்பிரிங் ஸ்டீல் நிற்கும், 8 மில்லிமீட்டர் மென் எஃகு நிற்காது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

பார்வை ஏமாற்றும் என்பதால் சோதித்துவிடுங்கள். அரத்தின் விளிம்பால் ஒரு கீறு கீறினால் மென் எஃகில் அரம் கடித்து இறங்கும்; ஸ்பிரிங் ஸ்டீலில் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். மெல்லிய கம்பியானால் இன்னும் எளிது: ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை இருபது முப்பது பாகை இழுத்து விடுங்கள். திரும்பி நேராக நின்றால் ஸ்பிரிங் ஸ்டீல், பாதியில் நின்றால் வெல்டிங் கம்பி போன்ற மென் எஃகு. ஸ்பிரிங் ஸ்டீலை வெட்டும் குறடால் வெட்டப் போனால் குறடுக்குத்தான் பல் விழும். அறுக்கும் வட்டைப் பயன்படுத்துங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முனை சிவக்குமளவு சூடாக விடாதீர்கள். சிவந்த இடத்தில் அது ஸ்பிரிங் ஸ்டீலாக இருப்பதை நிறுத்திவிடும். இறக்கையின் மேல்நோக்கிய கோணத்துக்காகக் கம்பியை நடுவில் வளைக்க வேண்டியிருந்தாலும் தீயைக் காட்டக் கூடாது. குளிர்ந்த நிலையிலேயே, கூரான மடிப்பு விழாமல், பெரிய வளைவாக வளைக்க வேண்டும்.

எடை உறுத்தினால் கார்பனுக்குப் போகலாம். 8 மில்லிமீட்டர் தடிப்பும் 200 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பி 79 கிராம், அலுமினியம் 27 கிராம், திண்மக் கார்பன் 16 கிராம். விறைப்பில் எஃகு 200 கிகாபாஸ்கல் என்றால் இழுத்து வார்த்த கார்பன் கம்பி 120-க்குக் கொஞ்சம் மேலே, அலுமினியம் 70, கண்ணாடி இழைக் கம்பி 40. எஃகை எடுத்துவிட்டு அதே தடிப்பில் கார்பன் போட்டால் இறக்கை முன்பைவிடக் கூடுதலாக வில்போல் வளையும். அது பிழை அல்ல. ஆனால் நுனி அதிர்ந்து பழக்கமுள்ள இறக்கையானால் கவனிக்க வேண்டும்.

குழாய் பற்றியும் ஒரு வரி. வெளிவிட்டம் 10, உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள குழாய், 10 மில்லிமீட்டர் திண்மக் கம்பியின் எடையில் 36 சதவீதம்தான். வளைப்பைத் தாங்கும் வலுவோ 59 சதவீதம். தடித்த இறக்கையில் குழாய் லாபம். மெல்லிய இறக்கையில் பெரிய குழாய்க்கு இடமே இராது. அங்கே திண்மக் கம்பியை விட்டால் வழியில்லை.

வளைந்த கம்பியை நிமிர்த்தி மீண்டும் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டி இல்லாத நாளில், அன்றைய மாலையை ஓட்டுவதற்குப் போடலாம். வீடு திரும்பியதும் மாற்றிவிடுங்கள். ஒரு முறை வளைந்த இடத்தை அது மறக்காது.

அறிகுறி: கார்பன் கம்பி ஒடிந்தது

எஃகு வளைந்து காட்டும், கார்பன் சொல்லாமல் போகும். முறிவைப் பார்த்துத்தான் காரணம் அறிய வேண்டும்.

ஒடிந்த இடம் சரியாக உடலின் பக்கச் சுவரிலோ அடிவிலாவின் விளிம்பிலோ இருந்தால், விளிம்பு கூராக இருந்திருக்கிறது என்று பொருள். பித்தளை உறையை அறுத்தபின் உள்விளிம்பைச் சீவாமல் விட்டால் அது கத்தி. இழைகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே இருக்கும். கம்பியின் மேல் விரல் நகத்தை ஓட்டினால் அந்த இடத்தில் வளையம்போல் ஒரு தடம் தட்டுப்படும். புதுக் கம்பி போடும் முன் உறையின் வாயை உருண்டை அரத்தால் புனல்போல் லேசாக விரித்து, உப்புத்தாளால் மழுக்குங்கள்.

ஒடியாமல் நீளவாக்கில் பிளந்திருந்தால் துளை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இழுத்து வார்த்த கம்பியில் இழைகள் எல்லாம் ஒரே திசையில், மூங்கில்போல் ஓடும். குறுக்கே திருகோ முளையோ போகத் துளையிட்டால் அங்கிருந்து பிளவு நீளமாக ஓடும். திருகு வேண்டுமானால் கம்பியின் நுனியில் ஓர் அலுமினியச் செருகலை ஒட்டி, துளையை அதில் போடுங்கள். உலோகக் கம்பியிலும் துளைக்கு ஓர் ஒழுங்கு உண்டு: மேலிருந்து கீழாகத் துளைத்தால் அதிகம் தாங்கும் மேல், கீழ் பரப்புகளையே குடைந்துவிடுகிறீர்கள். முன்னிருந்து பின்னாக, நடு அச்சு வழியாக, வெளிநுனிக்கு அருகில் போட்டால் இழப்பு சொற்பம்.

கார்பன் குழாய் நசுங்கி ஒடிந்திருந்தால் சுவர் மெல்லியது. அழுத்தம் விழும் இடங்களான வாய்ப்பகுதியிலும் நுனியிலும் உள்ளே ஒரு குச்சியை எபாக்சி வைத்து ஒட்டிவிட்டால் நசுங்காது. குழாய் வாங்கும்போது பல திசைகளில் இழை சுற்றியதா, நேர் இழை மட்டும் கொண்டதா என்று பாருங்கள். நேர் இழைக் குழாய் இறக்கைக் கம்பிக்கு ஆகாது.

கார்பனை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் தொட்டுக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அதன் சிராய் விரலில் ஏறினால் மரச்சிராய் போல் எளிதில் வராது.

அறிகுறி: கம்பி நன்றாக இருக்கிறது, இறக்கை அதைத் தாண்டி ஒடிந்தது

புல்லில் கிடந்த என் கம்பியின் கதை இதுதான். உடைந்த இறக்கையை மேசையில் வைத்து அளந்தேன். அடியிலிருந்து 104 மில்லிமீட்டரில் முறிவு, கம்பி உள்ளே போகும் ஆழம் 100 மில்லிமீட்டர். முறிவில் பால்சா (இறக்கையின் லேசான மரம்) வெள்ளையாக, வாழைத்தண்டை ஒடித்ததுபோல் நேர்கோட்டில் இருந்தது. இறக்கையின் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்களான ஸ்பார்களில் மேல் ஸ்பார் நசுங்கி ஒடிந்திருந்தது, கீழ் ஸ்பார் நாராகக் கிழிந்திருந்தது.

கம்பி இருக்கும் வரை இறக்கை இரும்பு, அது முடிந்த கணமே பால்சா. விறைப்பு திடீரென்று விழும் இடத்தில்தான் முறிவு உட்கார்ந்துகொள்ளும். அரை இறக்கையில் பத்தில் ஒரு பங்கு தூரம் போன பிறகும் அடியில் இருந்த வளைப்பில் முக்கால் பங்குக்கு மேல் மிச்சமிருக்கிறது. அதை அங்கே தனியாகத் தாங்க வேண்டியது ஸ்பார். என் தடித்த கம்பி ஸ்பாருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. பழைய மெல்லிய கம்பி தான் வளைந்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சரிசெய்ய மூன்று வேலைகள் செய்தேன். முதலாவது, மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் தடுப்புச் சுவரைக் கம்பி முடியும் இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விலாக்களுக்கு நீட்டினேன். பால்சாத் தகடுதான், ஆனால் நார் செங்குத்தாக ஓடும்படி. இதைப் படுக்கைவாட்டில் ஒட்டுபவர்கள் உண்டு. அப்படி ஒட்டினால் முதல் இழுப்பிலேயே நார் வழியாகப் பிளக்கும். இரண்டாவது, ஸ்பாரின்மேல் மெல்லிய கார்பன் பட்டை ஒன்றை ஒட்டி, அது சட்டென்று முடியாமல் நுனியைச் சரிவாகச் சீவினேன். மூன்றாவது, உறை இருக்கும் பகுதியில் ஸ்பாரையும் உறையையும் சேர்த்துக் கெவ்லார் நூலால் சுற்றி எபாக்சி பூசினேன். கம்பி தன் நுனியால் உறையை ஸ்பாரிலிருந்து பிரித்தெடுக்கப் பார்க்கும். பசை மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் உரிந்துவிடும். நூல் இருந்தால் உரியாது.

கம்பியின் வெளிநுனிக்கு அத்தனை தடிப்பு தேவையும் இல்லை. உடலின் சுவரை ஒட்டி வளைப்பு உச்சம்; நுனியில் பூஜ்யம். அதனால் நுனியைச் சீவிக் குறுக்குவதாலோ குடைந்துவிடுவதாலோ வலு குறைவதில்லை, திடீர் மாற்றம் மட்டும் மழுங்குகிறது.

அறிகுறி: இறக்கை நுனியை அசைத்தால் "டக் டக்" என்கிறது

உடலைத் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு இறக்கை நுனியை இரண்டு விரலால் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். வளையும்போது சத்தம் வரக் கூடாது. தட்டுகிறது என்றால் உறையின் வாய் முட்டை வடிவம் ஆகிவிட்டது. அடிவிலாவில் மயிரிழை விரிசலும் இருக்கலாம். ஒட்டிய தாளை உரித்துப் பார்த்தால் தெரியும்.

100 மில்லிமீட்டர் உள்ளே போகும் கம்பியில் 0.2 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், ஒரு மீட்டர் தள்ளியுள்ள நுனியில் அது 2 மில்லிமீட்டர். அத்துடன் நிற்காது. ஒவ்வொரு தட்டும் ஒரு சுத்தியல் அடி.

எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று வாயைப் பாருங்கள். பறக்கும் விசை இறக்கை நுனியைத் தூக்கும்போது அடிப்பகுதி கீழே அழுந்தப் பார்க்கும். கம்பி உறைவாயின் மேல்விளிம்பில் முட்டும். எனவே மேல்விளிம்பு நசுங்கியிருந்தால் இழுப்புகள் கடுமை. கீழ்விளிம்பு நசுங்கியிருந்தால் உங்கள் தரையிறக்கம்தான் காரணம், பொருளை மாற்றிப் பயனில்லை.

மேல்விளிம்பு என்றால் கம்பி உள்ளே போகும் ஆழத்தை அளங்கள். நம் கிளைடரின் 41 நியூட்டன் மீட்டரை 100 மில்லிமீட்டர் ஆழத்தில் தாங்க நுனியில் 410 நியூட்டன் வேண்டும். நாற்பது கிலோவுக்கு மேல். 60 மில்லிமீட்டர்தான் ஆழம் என்றால் அதுவே எழுபது கிலோ. எழுபது கிலோவைப் பால்சா விலாவின் ஒரு துளை தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்! எவ்வளவு உயர்ந்த கம்பி போட்டாலும் ஆழம் குறைந்தால் துளை பிய்யும். என்னைக் கேட்டால், கம்பியை ஒரு படி தடிமனாக்குவதைவிட இரண்டு விலா தூரம் நீளமாக்குவது எப்போதும் மேல்.

ஆட்டத்தை எடுக்கும் வழி அதன் அளவைப் பொறுத்தது. மயிரிழை ஆட்டம் என்றால் கம்பியின்மேல் சூப்பர் குளுவை மெல்லிய படலமாகத் தேய்த்துக் காயவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் இழைத்து இழைத்துப் பொருத்திப் பாருங்கள். பெரிய ஆட்டம் என்றால், கம்பிக்கு மூன்று முறை மெழுகு பூசித் துடைத்து, உறைக்குள் பஞ்சுத்தூள் கலந்த எபாக்சியைத் தடவி, கம்பியைச் செருகி, பசை பாதி இறுகும்போதே ஒரு முறை திருகிப் பார்த்துவிட்டு இறுக விடுங்கள். மெழுகை ஒரு முறை மட்டும் பூசினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அந்தக் கம்பி இன்னும் அந்த இறக்கைக்குள்தான் இருக்கிறது. அடிவிலாவே பிளந்திருந்தால் 1.5 மில்லிமீட்டர் பிளைவுட் முகப்பு ஒன்றை ஒட்டுவதே நல்லது, பசை ஊற்றி மூடுவது நாலு நாள் வைத்தியம்.

அறிகுறி: மெதுவாகப் பறக்கையில் நேர், வேகமெடுத்தால் ஒரு பக்கம் உருள்கிறது

கம்பியை விடுங்கள், முளையைப் பாருங்கள். உருண்டைக் கம்பி வளைப்பைத் தாங்கும், திருகலைத் தாங்காது. இறக்கை தன் கோணத்தில் நிற்பது முளையால்தான். கம்பியிலிருந்து முளை 120 மில்லிமீட்டர் பின்னால் இருந்து, அதன் துளை 0.5 மில்லிமீட்டர் தளர்ந்திருந்தால், அந்த இறக்கையின் கோணம் கால் பாகை மாறும். மெதுவாகப் போகும்போது அது தெரியாது. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப விசை கூடுவதால் பாய்ச்சலில் தெரியும். டிரிம் கொடுத்து (ரிமோட்டில் கட்டுப்பாட்டை நிலையாகச் சற்றுத் திருப்பி வைத்து) சரிக்கட்டினால் மெதுவாகும்போது மறுபக்கம் சாயும். இந்த இரட்டைக் குணம்தான் தளர்ந்த முளையைக் காட்டிக்கொடுக்கும்.

முளைக்கு வரும் விசை பெரிதல்ல. 2 அல்லது 3 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, சைக்கிள் ஸ்போக்ஸ் துண்டு, கார்பன் குச்சி, நல்ல கடின மரக்குச்சி எதுவும் போதும். அது உட்காரும் இடம்தான் முக்கியம். பால்சாவில் நேராகக் குத்தி நிறுத்திய எஃகு முளை, சேற்றில் நட்ட கம்பம். பித்தளைக் குழாயோ பிளைவுட் தகடோ வைத்து அதில் உட்கார வையுங்கள். தளர்ந்த துளைக்குத் தடித்த முளை போடுவதைவிட, துளையை அகலமாக்கிப் பித்தளைக் குழாய் செருகி, இரு இறக்கைகளின் கோணத்தையும் அளந்து சமமாக்கிய பிறகு ஒட்டுங்கள். ஒட்டும்போது இறக்கைகள் உடலோடு கோத்த நிலையிலேயே இருக்க வேண்டும். குழாயின் வெளிப்பரப்பை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். வழுவழுப்பான பித்தளையில் எந்தப் பசையும் சொந்தம் கொண்டாடாது.

முளை அடிக்கடி ஒடிகிறது என்று குறை சொன்னால், நான் வாழ்த்துத்தான் சொல்வேன். நுனி தரையில் இடறும்போது மரமுளை ஒடிந்து இறக்கையை விடுவித்திருக்கிறது. அதை எஃகாக மாற்றினால் அடுத்து கிழிவது பின்விளிம்பு.

அறிகுறி: கம்பி கழன்று வர மறுக்கிறது

அலுமினியக் குழாய் கார்பன் உறைக்குள் இருக்கிறதா? வாயில் வெள்ளைத் தூள் தெரிகிறதா? அப்படியானால் அரிப்பு. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில், அதிலும் உப்புக் காற்றில், ஒன்றையொன்று தொட்டால் மின்கலம்போல் இயங்கி அலுமினியம் கரையும். கடலோரச் சரிவில் பறக்கவிடுபவர்கள் இந்த ஜோடியைத் தவிர்ப்பதே நல்லது. இடையில் கண்ணாடி இழைப் படலம் இருந்தால் தொல்லை இல்லை. வழுக்குவதற்குப் பென்சில் கரியைத் தேய்க்கும் பழக்கமும் உண்டு. மரத்திலும் பித்தளையிலும் சரி, அலுமினியத்தில் வேண்டாம். கரியும் கார்பன்தானே. மெழுகுவர்த்தி போதும்.

எஃகு என்றால் துரு. ஒவ்வொரு முறையும் துடைத்து வைத்தால் வராது. காகிதச் சுருள் உறை என்றால் ஈரத்தில் ஊதியிருக்கும். உலர்ந்த அறையில் இரண்டு நாள் வைத்தால் தானே விட்டுக்கொடுக்கும்.

எடுக்கும் முறை: குறடு போட்டு நேராக இழுக்காதீர்கள், திருகுங்கள். திருகினால் பிடி விடும், இழுத்தால் உறையோடு வரும். அலுமினியம் சூட்டுக்கு விரிவதில் எஃகைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு, கார்பனோ அசைவதே இல்லை. ஆகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பனிக்கட்டியால் குளிர்வித்துத் திருகிப் பாருங்கள். எண்ணெய் ஊற்றுவது கடைசி வழி. எண்ணெய் குடித்த மரத்தில் பிறகு பசை ஒட்டாது.

இன்னொரு வேடிக்கையான வகை உண்டு. கம்பி புதிது, உறை புதிது, உள்ளே தள்ளினால் மெல்லத் தானே வெளியே வருகிறது, எடுக்கப் போனால் யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல் இருக்கிறது. பொருளில் குறை எதுவும் இல்லை. உறையின் மறுமுனை அடைத்திருப்பதால் காற்று சிக்கியிருக்கிறது. சைக்கிள் பம்பு போலத்தான். உலோகக் கம்பி என்றால் பக்கவாட்டில் நீளமாக ஒரு மெல்லிய தட்டை இழையுங்கள், காற்று வழி கண்டுகொள்ளும். கார்பன் என்றால் கம்பியைத் தொடாமல் உறையின் உள்முனை அடைப்பில் ஊசித்துளை போடுங்கள்.

அறிகுறி: இறக்கை பறக்கும்போது வெளியே நகர்கிறது

கம்பி இறக்கையை வெளியே போகாமல் பிடிக்கும் பொருள் அல்ல. இறுக்கமாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. சிறிய விமானத்துக்கு இணைப்பைச் சுற்றி ஒட்டும் டேப் போதும், பெரியதற்கு உடலுக்குள் கொக்கியும் ரப்பரும் அல்லது ஸ்பிரிங்கும். ரப்பரை ஒவ்வொரு பறக்கும் நாளின் தொடக்கத்திலும் இழுத்துப் பாருங்கள், விரிசல் தெரிந்தால் மாற்றுங்கள். காந்தம் மட்டும் வைத்து வேகமாக உருட்டும் விமானங்களை நான் பறக்கவிடமாட்டேன்.

அறிகுறி: நைலான் போல்ட் அறுந்தது

இறக்கையை உடலோடு பிடிக்கும் இந்த போல்ட் மோதலில் அறுந்ததா? அப்படியென்றால் வேலையைச் செய்திருக்கிறது, புதிது போடுங்கள். அந்த இடத்தில் எஃகு போல்ட் போடத் தோன்றும். போட்டால் அடுத்த மோதலில் உடலின் பிளைவுட் தளமே பெயர்ந்து வரும், பழுது பார்க்க ஒரு மாலையும் போகும்.

பறக்கும்போது அறுந்தது, அல்லது முடுக்கும்போதே தலை தனியாக வந்தது என்றால் போல்ட் காய்ந்துவிட்டது. நைலானுக்குக் கொஞ்சம் ஈரம் உள்ளே இருந்தால்தான் முறுக்கு இருக்கும். வறண்டு கிடந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும், குளிரில் இன்னும் மோசம். வெந்நீரில் ஊறவைத்து எடுத்தால் மீண்டும் இளகும். நைலான் ப்ரொப்பெல்லர்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பது பழைய வழக்கம், காரணம் இதே. திரும்பத் திரும்ப முடுக்கியதில் மரை வெளுத்திருந்தால் ஊறவைத்தும் பயனில்லை.

அறிகுறி: வெயிலில் நிறுத்தியிருந்தபின் உறை சுழல்கிறது

அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சி 50 முதல் 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். கறுப்புப் படலம் ஒட்டிய இறக்கையோ மூடிய காருக்குள் கிடந்த இறக்கையோ அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். பசை இளகியிருக்கும்போது கம்பியை முறுக்கிச் செருகினால் உறை பிடி விட்டுச் சுழலும். ஐந்து நிமிட எபாக்சியால் உறையை ஒட்டியிருந்தால் அதை முழுவதும் எடுத்துவிட்டு, நிதானமாக இறுகும் வகையால் ஒட்டுங்கள். இறுகிய பிறகு கூடுமானால் சில மணி நேரம் இதமான சூட்டில் வைத்தெடுங்கள், அந்த இளகும் எல்லை மேலே போகும். பால்சாவும் நுரையும் சூட்டைப் பொறுக்கும் அளவு வேறு வேறு. நுரை இறக்கையென்றால் இந்தச் சூடு வேண்டாம்.

அறிகுறி: கம்பியை மாற்றியபின் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது

கார்பனும் உலோகமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும். முன்பு மரக்குச்சியோ கண்ணாடி இழையோ இருந்த இடத்தில் கார்பன் வந்திருந்தால், ரிசீவரின் ஆன்டெனா முனை அதை ஒட்டிப் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பியிலிருந்து தள்ளி, இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்படி வைத்துவிட்டு, பறக்கவிடும் முன் தரையில் தூரச் சோதனை செய்யுங்கள். சோதனையின்போது உதவிக்கு ஒருவர் விமானத்தைத் தூக்கிப் பிடித்து எல்லாப் பக்கமும் திருப்பட்டும். கம்பி குறுக்கே வரும் கோணத்தில்தான் சிக்னல் அறும்.